அப்பா குருமடம் போகிறார்

14 ஜூன் 2009

அன்புள்ள மகளுக்கு,

ஒன்பது முறை போன் செய்தேன். ஒன்பதாவது முறை மாப்பிள்ளை எடுத்தார். "மாமா, அவ பக்கத்துலதான் இருக்கா. ஆனா இல்லைன்னு சொல்லச் சொல்றா" என்றார். நல்ல மனிதர், பொய் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்காவது நீ இதைக் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்?

போன ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன விதம் தப்பு. நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டே சிரித்தபடி கேட்டாய்: "ரெண்டு மாசமா நீங்க சரியில்லப்பா. தினம் ஷேவ் பண்றீங்க. புதுச் சட்டை போடறீங்க. யாரையாவது பார்த்து வெச்சிருக்கீங்களா? சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல." எவ்வளவு பெரிய மனசு உனக்கு. நானோ, "ஆமாம்மா, ஆயரை, நம்ம பிஷப்பைப் பார்த்துட்டு வந்தேன். சாமியாராப் போகலாம்னு இருக்கேன்" என்று போட்டு உடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ பேசியது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. உனக்கு நினைவில்லாமல் போனால் நல்லது.

ஐம்பத்து மூன்று வயதில், இருபத்தெட்டு வருஷம் பஸ் டிப்போவில் எஞ்சின் பிரித்துப் பூட்டிய ஆள் சாமியார் படிப்புக்காகக் குருமடத்தில் போய் என்ன செய்வார் என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. மனைவியை இழந்தவன் குருவாக ஆகலாம், சட்டத்தில் தடை இல்லை என்று பங்குச் சாமியார் சொன்னார். ஆயர்தான் யோசிக்கிறார். வயது ஒன்று. இன்னொன்று நீ. "ஒரே பிள்ளை. அவங்க மனசு என்னன்னு எழுத்துல வேணும்" என்கிறார்.

அவசரம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். ஐந்தாம் மாதம், படியேறும்போது மெதுவாக ஏறு.

அப்பா

(டிப்போ வேலைச்சீட்டின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வேறு தாள் வீட்டில் இல்லை.)


22 ஜூன் 2009

அப்பாவுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் கோபம்தான் வந்தது.

நான் பேசிய ஒரு வார்த்தையும் எனக்கு மறக்கவில்லை. திரும்பவும் சொல்கிறேன். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அம்மா பக்கம் யாரும் இல்லை, உங்கள் பக்கம் யாரும் இல்லை, இவருக்கும் அப்பா அம்மா இல்லை. எனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தாத்தா என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள். அந்த ஆள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் தலையில் தண்ணீர் ஊற்றப் போகிறாராம். நீங்கள் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டிருந்தால்கூட வீட்டுக்கு ஒரு ஆள் கூடியிருக்கும். இதில் இருக்கிற ஒருவரும் குறைகிறார்.

காலி வீட்டைப் பார்க்கப் பயந்துகொண்டு ஓடுகிறீர்கள், அப்பா. அதற்குக் கடவுளின் அழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள். பரீட்சைக்குப் பயந்து வயிற்று வலி என்று சொல்கிற பிள்ளையை எனக்குப் பார்த்தவுடன் தெரியும்.

ஆயருக்கு எழுத்தில் வேண்டும், அவ்வளவுதானே? நானே எழுதிக்கொள்கிறேன்.

மகள்


19 ஜூலை 2009

அன்புள்ள மகளுக்கு,

ஆயர் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் உன் கடிதம் இருந்தது. "இதை நீங்க படிக்கிறதுதான் நியாயம்" என்று என் பக்கம் தள்ளினார். நாலு பக்கம். ஒரு எழுத்துப்பிழை இல்லை. என் மகள் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு மூன்றாம் பக்கம் வந்தது. "என் தகப்பனார் துக்கத்தைப் பக்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அவரைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்." அங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

வீடு காலியாக இருப்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் காரணம் அது இல்லை. உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. உனக்கு நெஞ்சு பதறும் என்று மறைத்தேன்.

போன வருஷம் டிப்போவில் வெல்டர் இறந்தது உனக்குத் தெரியும். விபத்து என்று மட்டும் சொன்னேன். நான் அங்கே இருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். தூக்கி நிறுத்தியிருந்த பஸ்ஸின் ஜாக்கி வழுக்கி, அடியில் இருந்தவன்மேல் வண்டி இறங்கிவிட்டது. நெஞ்சுக்குக் கீழே எல்லாம் உள்ளே. கிரேன் வர நாற்பது நிமிஷம். நான் தவழ்ந்து உள்ளே போய் அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டேன். "சாமியாரைக் கூப்பிடு" என்றான். வெளியிலிருந்து பையன்கள் கூப்பிட்டார்கள். பங்குச் சாமியார் ஓர் அடக்கத்தில் இருந்தார், போன் அணைத்திருந்தது. "வரலியா? அப்ப நீ கேளு" என்றான்.

சொன்னான். எல்லாம் சொன்னான். சிறு வயதிலிருந்து ஒவ்வொன்றாக. மூச்சு விட்டு விட்டுச் சொன்னான். முடித்துவிட்டு என் முகத்தையே பார்த்தான். எதற்காகப் பார்த்தான் என்று எனக்குத் தெரியும், மகளே. "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்ல ஒரு வாய் வேண்டியிருந்தது. அது குருவுக்கு மட்டுமே உள்ள அதிகாரம், என்னிடம் இல்லை. "கடவுள் பெரியவர்டா, பயப்படாத" என்று என்னவோ உளறினேன். கிரேன் வருவதற்கு முன் போய்விட்டான்.

பிறகு பங்குச் சாமியாரிடம் கேட்டேன். "அவர் மனசு வருந்திச் சொன்னார் இல்ல? கடவுள் உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருந்திருப்பார்? எப்பவோ மன்னிச்சிருப்பார்" என்றார். சரி. நானும் நம்புகிறேன். ஆனால் அவன் பார்த்தது என் முகத்தை. அன்று தொடங்கியதுதான் இது. ஒரு வருஷம் அடக்கிப் பார்த்தேன், அடங்கவில்லை.

இதை ஆயரிடம் சொன்னேன். உன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு, "உங்க மகள் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, நீங்க சொல்றதுலயும் இருக்கு. ஒரு வருஷம் போகட்டும். போய்ப் பேரப்பிள்ளையைத் தூக்குங்க, கொஞ்சுங்க. அதுக்கப்புறமும் இதே ஆசை இருந்தா வாங்க" என்றார்.

ஆக, முதல் சுற்றில் நீ ஜெயித்துவிட்டாய். பக்கத்துத் தெருவில் வாடகைக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு வருகிறேன். கதவைத் திறப்பாய் அல்லவா?

அப்பா


11 ஜூலை 2010

அப்பாவுக்கு,

நீங்கள் குருமடத்துக்குப் பெட்டியோடு கிளம்பிய அன்று நான் வாசலுக்கு வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு உள்ளேயே நின்றேன். இவர் கதவைத் தட்டி, "மாமா கிளம்பறார்" என்றார். "தண்ணி சத்தத்துல கேட்கல" என்றேன். கேட்கவில்லை என்று சொல்வதற்குக் கேட்டிருக்க வேண்டும் என்று இவர் இன்றுவரை கேலி செய்கிறார்.

இந்த ஒரு வருஷம் நீங்கள் மனசு மாறிவிடுவீர்கள் என்று உறுதியாக நினைத்தேன். பாப்பாவைக் குளிப்பாட்டினீர்கள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் தோளைவிட்டு இறக்கவில்லை. தையல் மெஷின் முதல் வாசல் மணி வரை வீட்டில் ஓடாததையெல்லாம் ஓட வைத்தீர்கள். இப்படி ஒரு மனிதரை ஒரு குழந்தை போதுமே, பிடித்து வைத்துக்கொள்ள! போதவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை, அதுதான் என்னைச் சுடுகிறது.

பாப்பாவுக்கு இரண்டு பல் வந்திருக்கிறது. சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

மகள்


20 பிப்ரவரி 2011

அன்புள்ள மகளுக்கு,

பாப்பா நடக்கிறாள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இங்கே போனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அனுமதி. முப்பது பேர் வரிசை. நமக்குக் கடிதமே பழகிவிட்டது, இருக்கட்டும்.

என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேஜை, தெற்குப் பக்கம் ஒரு ஜன்னல். அடுத்த அறையில் இருப்பவனுக்கு இருபது வயது. முதல் வாரம் என்னைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றான். இப்போது எல்லோரும் 'மெக்கானிக் அண்ணன்' என்கிறார்கள். ஜெனரேட்டர் நின்றால் குருமட அதிபர்கூட என் கதவைத்தான் தட்டுகிறார்.

அதுவரைக்கும் சரி. இனிமேல் சொல்லப்போவது சந்தோஷமான விஷயம் இல்லை. மெய்யியல் வாய்மொழித் தேர்வில் தோற்றுவிட்டேன். இரண்டாவது முறையாக. 'இயங்கும் எதையும் வேறொன்று இயக்குகிறது, ஆகவே இயக்கப்படாமல் இயக்குகிற ஒருவர் உண்டு' என்பதை விளக்கச் சொன்னார்கள். புத்தகத்தை முப்பது தடவை படித்திருந்தேன். அங்கே உட்கார்ந்ததும் ஒரு வார்த்தை வரவில்லை. மூன்று பேராசிரியர்கள் என் முன்னால். கறை படிந்த கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டேன்.

நேற்று அதிபர் கூப்பிட்டார். அன்பாகத்தான் பேசினார். "படிப்புதான் எல்லாம்னு நான் சொல்லல. ஆனா ஏப்ரல்ல கடைசி வாய்ப்பு. அதுலயும் வரலன்னா நான் ஆயருக்கு என்ன எழுதுறது? வேற வழியிலயும் ஊழியம் செய்யலாம், யோசிங்க" என்றார்.

யோசித்தேன். நீ சொன்னதுதான் சரியோ என்னவோ. கருவி பிடித்த கைக்குப் புத்தகம் பிடிக்க வரவில்லை. ஏப்ரல் வரை காத்திருந்து இன்னொரு முறை தலைகுனிவதைவிட இப்போதே வந்துவிடலாம் என்று பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துத் தெரு அறை காலியாக இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்.

அப்பா


28 பிப்ரவரி 2011

அப்பா,

பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளுங்கள். உட்காருங்கள். நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் குதித்திருக்க வேண்டும். போன வருஷமாக இருந்தால் அன்றைக்கே அறைக்கு முன்பணம் கொடுத்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்துக்கு நாலு நாள் முன்னால் இன்னொன்று நடந்தது.

வெல்டரின் மனைவி வீட்டுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம், உங்களுக்குப் பத்திரிகை அனுப்ப முகவரி வேண்டும் என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "உங்கப்பா உங்ககிட்டயாவது சொன்னாராம்மா? அவர் கடைசியா என்ன பேசினார்னு?"

இல்லை என்றேன். உண்மைதானே? எல்லாம் சொன்னான் என்று எழுதினீர்கள், எது என்று ஒரு எழுத்துகூட எழுதவில்லை.

"எங்கிட்டயும் சொல்லலம்மா" என்றார். "ரெண்டு வருஷமா கேட்டேன். கெஞ்சினேன், அழுதேன். ஒரு நாள் கோபத்துல, 'வேற குடும்பம் வெச்சிருந்தாரா, அதைத்தான் மறைக்கிறீங்களா'ன்னு டிப்போ வாசல்லயே கத்திட்டேன். அத்தனை பேர் பார்த்தாங்க. உங்கப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். 'உங்க பேரை மூணு தடவை சொன்னான்மா, அதை மட்டும் கொடுக்கிறேன். மத்தது என்னுது இல்ல, எடுத்துக் கொடுக்கறதுக்கு'ன்னார். அன்னிக்கு எனக்கு ஆத்திரம்தான் வந்துச்சு. இப்ப யோசிச்சா, என் வீட்டுக்காரர் சரியான ஆள்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கார்."

அப்பா, அவர் போனபிறகு நான் எழுந்திருக்கவே இல்லை. பாப்பா என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். பாவ அறிக்கையை வெளியே சொல்லக் கூடாது என்பது குருக்களுக்குத்தான் விதி. உங்களைக் கட்டுப்படுத்த எந்த விதியும் இல்லை. நீங்கள் குரு இல்லை, வாக்குக் கொடுக்கவில்லை, கேட்பாரும் இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கு டிப்போ வாசலில் உங்கள் மானம் மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. இதைச் செய்தவர் காலி வீட்டுக்குப் பயந்து ஓடுகிற ஆள் இல்லை. நான் தவறாகக் கணித்துவிட்டேன். வயிற்று வலி என்று சொன்ன பிள்ளைக்கு உண்மையிலேயே வயிற்று வலி.

இன்று காலை ஆயருக்கு இன்னொரு கடிதம் போட்டுவிட்டேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இந்த முறை ஒரே பக்கம்.

இப்போது பாடத்துக்கு வருவோம். உங்கள் பிரச்சினை எனக்குத் தெரியும், என் வகுப்பில் பத்துப் பேருக்கு இருக்கிறது. புத்தகத்தின் வார்த்தையை நினைவில் வைக்கப் பார்க்கிறீர்கள். அது உங்கள் வார்த்தை இல்லை, பயந்ததும் ஓடிவிடும். புத்தகத்தை மூடுங்கள். ஒரு பஸ் எஞ்சின் தானாக ஓட ஆரம்பிக்குமா? எது சுற்றிவிடுகிறது? அதை எது சுற்றிவிடுகிறது? நீங்களே எனக்கு எழுதி அனுப்புங்கள். பக்கத்துப் பையனிடம் உங்களை எதிர்த்து வாதம் செய்யச் சொல்லுங்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். வாரம் ஒரு தாள், நான் சிவப்பு மையில் திருத்தி அனுப்புவேன். அப்பா என்று மார்க் போட மாட்டேன்.

அந்த அறைக்கு ஆள் வந்துவிட்டது. நான் விசாரிக்கவே இல்லை, ஆனாலும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்


17 ஏப்ரல் 2011

என் வாத்தியாரம்மாவுக்கு,

பாஸ்!

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நிதானமாக நடந்ததைச் சொல்கிறேன்.

அதே மூன்று பேர், அதே மேஜை, அதே கேள்வி. கையில் அதே கறை. ஆனால் இந்த முறை மேஜைக்கு மேலேயே வைத்துக்கொண்டேன். தெரிந்தால் தெரியட்டும் என்று. "எஞ்சின் தானா சுத்தாது சாமி. ஸ்டார்ட்டர் மோட்டார் சுத்திவிடணும். மோட்டாருக்கு பேட்டரி வேணும். பேட்டரியை யாராவது சார்ஜ் ஏத்தியிருக்கணும்" என்று ஆரம்பித்தேன். இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர், என்னை இரண்டு முறை தோற்கடித்தவர், புருவத்தைத் தூக்கினார்.

"நல்ல உதாரணம்தான். ஆனா ஒண்ணு இடிக்குது. எஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் ஸ்டார்ட்டருக்கு வேலை முடிஞ்சுபோச்சே? அப்ப கடவுளும் ஒரு தடவை தள்ளிவிட்டுட்டுப் போய்ட்டாரா?" என்றார்.

மகளே, நீ திருத்திய ஏழு தாளிலும் இந்தக் கேள்வி இல்லை!  ஆனால் டிப்போவின் இருபத்தெட்டு வருஷமும் ஒன்றாக வந்து நின்றது.

"இல்ல சாமி. ஓடுற எஞ்சினுக்கு டீசலை நிறுத்திப் பாருங்க. அந்த நொடியே நின்னுடும். நான் முதல்ல தள்ளினவரைச் சொல்லல. இந்த நிமிஷம் வரைக்கும் டீசல் ஊத்திக்கிட்டே இருக்கிறவரைச் சொல்றேன். அவர் கையை எடுத்தா நீங்களும் இல்ல, நானும் இல்ல, இந்த மேஜையும் இல்ல."

 நடுவில் இருந்தவர் பேனாவை மூடினார். "நாப்பது வருஷமா இதைப் பாடம் எடுக்கிறேன். இனிமே இப்படித்தான் எடுக்கப்போறேன்" என்றார். வெளியே வந்தால் பையன்கள் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என்னைத் தூக்கிவிட்டார்கள்! எண்பது கிலோவை! அதிபர் மாடியிலிருந்து, "இறக்குங்கடா, இடுப்பு பிடிச்சுக்கப்போகுது" என்று கத்தினார். சிரித்துக்கொண்டேதான் கத்தினார்.

ஆயரும் ஒரு வரி எழுதியிருந்தார்: "உங்கள் மகளின் இரண்டாம் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முதலாவதைத் தொலைத்துவிட்டேன்."

இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. சிவப்பு மை பாட்டிலை மூடிவிடாதே.

அப்பா


10 மே 2015

அப்பாவுக்கு,

நேற்று உங்கள் குருப்பட்ட விழாவில் உங்களோடு இரண்டு நிமிஷம்கூடத் தனியாகப் பேச முடியவில்லை. ஆளாளுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். நீங்கள் தரையில் முகம் குப்புறப் படுத்திருந்தபோது உங்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் எழுதுகிறேன். இனி பங்குப் பணி வந்துவிட்டால் என் கடிதங்களுக்கு எப்போது நேரம் இருக்குமோ, இதையாவது முழுக்கப் படியுங்கள்.

நான் முன்வரிசையில், நடைபாதை ஓரம். இடது பக்கம் இவரும் பாப்பாவும். பின்னால் ஆறு வரிசைக்கு டிப்போ. காக்கியைத் துவைத்து இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். பாதிப் பேர் வேறு மதத்தவர், எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே விழுந்த கைக்குட்டையை எடுக்கக் குனிந்தபோது ஆறு வரிசையும் முழங்காலில் நின்றுவிட்டது.

புனிதர்களின் பெயர்களைப் பாடகர் குழு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. கோவில் முழுக்க, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றது. நீங்கள் குளிர்ந்த தரையில் அசையாமல் கிடந்தீர்கள். பாப்பா நன்றாகச் சத்தமாக, "தாத்தா விழுந்துட்டாரா?" என்றாள். நாலு வரிசை சிரித்தது. "இல்லடா, அவராத்தான் படுத்திருக்கார்" என்றேன். "எப்ப எழுந்திருப்பார்?" என்றாள். "பாரேன்" என்றேன்.

எனக்கு அம்மா நினைவு வந்தது. அழுகை வரும் என்று கைக்குட்டையோடு தயாராக இருந்தேன். அழுகை வரவில்லை, அப்பா. நெஞ்சு நிமிர்ந்தது. பரிசளிப்பு விழாவில் நம் பிள்ளையின் பெயரைக் கூப்பிடும்போது நிமிருமே, அப்படி.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நீங்கள் படுப்பதற்கு முன், ஆயர் அதிபரைப் பார்த்து, "இவர் தகுதியுள்ளவர்தானா என்று உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அல்லவா? சடங்கில் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் என்று உங்கள் மாப்பிள்ளை பிறகு விளக்கினார். எனக்கு அது தெரியாது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டேன். அதிபர் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்று, "தெரியும்!" என்று சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கேட்டதா? நீங்கள் திரும்பவில்லை, ஆனால் உங்கள் பிடரி சிவந்ததைப் பார்த்தேன். ஆயர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "அதிபரும் சொல்லட்டும்மா" என்றார். அதிபர் சொன்னார். கைதட்டல் வந்தது. டிப்போ வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள், பக்கத்தில் இருந்தவர் வாயைப் பொத்தினார், அதற்குள் இன்னொருவர் அடித்துவிட்டார். கோவில் கூரையே போய்விடும் போலிருந்தது.

பிறகு முதல் ஆசீர்வாதம். நான் முதல் ஆளாக வந்து முழங்காலிட்டேன். ஆயர் புனித எண்ணெய் பூசிய உங்கள் உள்ளங்கை என் தலையில் இறங்கியது. ஜபத்தைச் சொல்லத் தொடங்கிய நீங்கள் நடுவில் நின்றுவிட்டீர்கள். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி முதலிலிருந்து சொல்லி முடித்தீர்கள். குரல் பிசகவில்லை.

எழுந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் நின்றிருப்பேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை நடைபாதை முழுக்க நீண்டு, கதவைத் தாண்டி, படியில் இறங்கி, வெயிலில் தெருமுனை வரை நின்றது. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரு சக்கர நாற்காலி. உங்களைத் தெரிந்தவர்கள் அவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் உங்கள் கைக்காக நின்றார்கள்.

நான் கையை விட்டேன், அப்பா. விட்டுவிட்டு ஓரமாக நகர்ந்து, பின்னால் இருந்த அம்மாளிடம், "வாங்கம்மா, முன்னாடி வாங்க. இவர் என் அப்பா" என்றேன்.

உங்கள் மகள்